ஒரே தரம் கேட்ட துரை

திருநெல்வேலி டவுனில் மோட்டார் குற்றாலலிங்கம் பிள்ளை என்றால் தெரியாதவர்கள் கிடையாது. அவருக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. சொந்தமாக மோட்டார் இருந்ததும் இல்லை. வண்டியைக் கிளப்ப முன்பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னால் இரண்டு சுற்றில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். பஸ்ஸுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்று பேசிப் பேசியே அந்தப் பெயரைச் சம்பாதித்தார். படித்து வாங்கிய பி.ஏ.யைவிட இந்தப் பட்டம் ஒரு பிடி உசத்தி என்பது அவருடைய கட்சி. காலேஜை முடித்துவிட்டுக் கம்பெனி வேலைக்கு இண்டர்வியூ போகிறேன் என்று யாராவது அவர் காதில் போட்டுவிட்டால் தீர்ந்தது, தம்முடைய இண்டர்வியூ கதையைச் சொல்லாமல் ஆளை விடமாட்டார். அவர் சொல்லும்போது கொஞ்சம் காற்றடித்துத்தான் சொல்வார். நான் முடிந்த மட்டும் காற்றை இறக்கிவிட்டுச் சொல்கிறேன்.

1912ஆம் வருஷம். அப்போது குற்றாலலிங்கம் இருபத்திரண்டு வயசுப் பையன். திருச்சிராப்பள்ளியில் பி.ஏ. தேறி ஊருக்கு வந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. பேச்சு என்றால் அவனுக்கு உயிர். முன்பின் தெரியாதவரோடு ரயிலில் ஏறினால் இறங்குவதற்குள் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வாங்கிவிடுவான். இந்தத் திறமைக்கு எந்தச் சர்க்கார் கச்சேரியிலும் நாற்காலி போடவில்லை என்பதுதான் அவன் குறை.

அவன் வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மேல ரத வீதியில் நமச்சிவாயம் பிள்ளை வீடு மரியாதைக்குப் பேர்போன வீடு. அந்த வீட்டில் யாரும் எதையும் முதல் தரம் கேட்டவுடன் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். விருந்துக்குப் போன இடத்தில் இன்னும் கொஞ்சம் சோறு என்றால் இலைக்கு மேலே கையை மறிப்பார்கள். மறுபடி கேட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்பார்கள். மூன்றாம் தரம் கேட்டால்தான் கை பைய விலகும். இது அந்த வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. ஆற்றங்கரைச் சீமை முழுக்கக் கொஞ்சம் கூடக்குறைய இதே கதைதான். முதல் தரமே சரி என்றவன் பறக்காவெட்டி, ஒரே தரம் கேட்டு நிறுத்தியவன் கஞ்சன். அவன் தாயார் ஞானம்பாள் பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்த்து இதையும் ஊட்டித்தான் வளர்த்தாள். பசியோடு எத்தனை பேர் எத்தனை இலையிலிருந்து எழுந்திருக்கிறார்களோ, அது அந்தச் சிவனுக்குத்தான் வெளிச்சம்.

இந்த மரியாதைதான் குற்றாலலிங்கத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது. களக்காட்டில் அவன் பெரியப்பா ஆவுடைநாயகம் பிள்ளைக்கு வயல் இருந்தது, வாழைத்தோட்டம் இருந்தது, பிள்ளை மட்டும் இல்லை. தம்பியின் இளைய மகனான இவனைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ள அவருக்கு ஆசை. பெரியப்பாவை இவனுக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் வாழை மரங்களோடுதான் பேச வேண்டும், ஆயுசு முழுக்க. "வேண்டாம் பெரியப்பா" என்றான். என்ன மரியாதையான பிள்ளை என்று அவர் முகம் மலர்ந்தது. அடுத்த தரமும் வேண்டாம் என்றான். அவர் இன்னும் மகிழ்ந்தார். மூன்றாம் தரம் அழாத குறையாக வேண்டாம் என்றதும், அவர் ஆவணியில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டு நிம்மதியாக வெற்றிலை போட்டார். அந்த வீட்டில் ஒருவன் நிஜமாகவே மறுக்க நினைத்தால் அதற்கு வழியே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் அந்த விளம்பரம் வந்தது. வண்ணார்பேட்டையில் புதிதாக ஒரு மோட்டார் கம்பெனி தொடங்கி, நாங்குநேரி வழியாகக் களக்காட்டுக்குப் பஸ் விட்டிருந்தார்கள். ரயில் போகாத வழி அது, மாட்டு வண்டியில் இடுப்பு ஒடிகிற தூரம். இருந்தும் பஸ் ஓடி இரண்டு மாசமாகியும் ஏறுவார் இல்லை. ஆகவே கம்பெனியின் நோக்கத்தைப் பொதுஜனங்களுக்கும், பொதுஜனங்களின் எண்ணத்தைக் கம்பெனிக்கும் எடுத்துச் சொல்லத்தக்க, பட்டம் பெற்ற இளைஞர் தேவை என்று போட்டிருந்தது. குற்றாலலிங்கம் அதை நின்றுகொண்டு வாசித்தான், பிறகு உட்கார்ந்து வாசித்தான். பேசுவதற்குச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் உலகத்தில் இருக்கிறது என்று அதுவரை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. களக்காட்டுக்குப் போகிற பஸ்தான் தன்னைக் களக்காட்டிலிருந்து காப்பாற்றியாக வேண்டும் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது.

அப்பாவிடம் சொன்னான். "பி.ஏ. படிச்சுட்டுத் தமுக்கு அடிக்கப் போறியாலே?" என்று கேட்டுவிட்டு நமச்சிவாயம் பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குமேல் தடுக்கவில்லை. எப்படியும் கிடைக்கப் போவதில்லை, ஆவணியில் பையன் களக்காட்டுக்குப் போகத்தான் போகிறான் என்பது அவர் எண்ணம்.

குறுக்குத்துறையில் குளிக்கப் போன இடத்தில் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த இரண்டு பேரிடம் இந்தச் செய்தியைச் சொன்னான். அதில் ஒருவன் சிவசண்முகம். போன வருஷம் முழுக்க இண்டர்வியூ போவதையே ஒரு உத்தியோகமாக வைத்திருந்தவன். ஓர் இடத்திலும் அவனை எடுக்கவில்லை. ஆகவே யோசனை சொல்வதற்குத் தன்னைவிடத் தகுந்தவன் கிடையாது என்று நினைத்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி பொழிந்து தள்ளினான். கோட்டுக்குக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட வேண்டும். துரை உட்காரச் சொன்னாலும் சட்டென்று உட்காரக் கூடாது. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தெரிந்ததைக்கூடத் தெரியும் என்று சொல்லிவிட்டால் திமிர் என்று நினைப்பார்கள்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு வே" என்றான் கடைசியில். "அந்த வேல மேல உமக்கு ஆசை இருக்குன்னு மட்டும் காட்டிராதியும். காட்டுனா அம்புட்டுதான்."

குற்றாலலிங்கத்துக்கு இதெல்லாம் நியாயமாகவே பட்டது. அம்மா சொல்லி வளர்த்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இன்னொருவன் முகம்மது மைதீன், மேலப்பாளையத்தில் தறி வைத்திருக்கிறவர் மகன். அவன் யோசனை எதுவும் சொல்லவில்லை. நீ அந்தப் பஸ்ஸில் ஒரு தரமாவது ஏறியிருக்கிறாயா என்று மட்டும் கேட்டான். இல்லை என்றதும், ஏறாத வண்டியைப் பற்றி என்னத்தைப் பேசப் போகிறாய், வா, நாளைக்கே போவோம், எனக்கும் பார்க்க வேண்டும் என்றான்.

அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது பிள்ளைவாள் எழுபது வயசிலும் எழுந்து நின்றுவிடுவார். வண்டி பாளையங்கோட்டையைத் தாண்டியதும் வேகம் பிடித்தது. பனைமரங்கள் பின்னால் ஓடின. காற்று வாய்க்குள் புகுந்து பேச்சை அடைத்தது. குற்றாலலிங்கத்தின் தலைப்பாகை அவிழ்ந்து பறக்க, முகம்மது மைதீன் அதன் நுனியைப் பாய்ந்து பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஆடுகள் சிதறி ஓடின. வயலில் குனிந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். இருவரும் சின்னப் பிள்ளைகளைப் போலக் கூச்சல் போட்டார்கள். இந்த வண்டியைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசச் சொன்னால் சம்பளம் இல்லாமலே பேசுவேன் என்று குற்றாலலிங்கத்துக்குத் தோன்றியது. அவ்வளவு சந்தோஷத்திலும் பார்த்தால் அவர்களைத் தவிர பஸ்ஸில் ஒரு ஈ காக்கை இல்லை.

மூன்றடைப்பில் சாலையோரத்தில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். பட்டணத்திலிருந்து வந்த டிரைவர் வண்டியை நிறுத்தி, ஏறிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"எதுக்கு, உங்களுக்குச் சிரமம். நாங்க பைய நடந்து போயிருவோம்" என்றார் பெரியவர்.

டிரைவர் ஒலிப்பானை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். இந்த ஊர் ஜனங்களுக்கு நடப்பதில்தான் இஷ்டம் என்று தலையை ஆட்டிக்கொண்டார். குற்றாலலிங்கம் திரும்பிப் பார்த்தான். புழுதிக்குள் அந்த இரண்டு பேரும் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மாள் புருஷனிடம் கையை நீட்டி நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்கு மனசு என்னவோ போல் ஆனது, ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

இண்டர்வியூ அன்றைக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு போனான். வெயில் கொளுத்தியது. கம்பெனி மானேஜர் டன்பார் துரை ஸ்காட்லாந்துக்காரர், செம்பட்டை மீசை, ஒளிவுமறைவு இல்லாத ஆள். இவன் உள்ளே வந்ததும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பரவாயில்லை, நிற்கிறேன் என்றான். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தாம் உட்கார்ந்துகொண்டார். சோடா குடிக்கிறீர்களா என்றார். வேண்டாம் என்றான். அவர் தமக்கு மட்டும் ஒரு பாட்டிலை உடைத்து ஊற்றிக் குடித்தார். நுரை பொங்கி அடங்குவதைக் குற்றாலலிங்கம் வறண்ட நாக்கோடு பார்த்துக்கொண்டு நின்றான். இன்னொரு தரம் கேட்பார் என்று இருந்தான். கேட்கவில்லை.

உங்களுக்கு நன்றாகப் பேச வருமா என்று துரை கேட்டார். ஏதோ சுமாராக வரும் என்றான், ரயிலில் கல்யாண அழைப்பு வாங்குகிறவன். இந்தப் பக்கத்து ஜனங்களைப் பற்றித் தெரியுமா என்றார். எனக்கு என்ன தெரியும், சின்னப் பையன் என்றான். எங்கள் பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா என்றார். பனைமரம், காற்று, தலைப்பாகை எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து முட்டின. சிவசண்முகத்தை நினைத்துக்கொண்டு, ஒரு தரம் ஏறினேன் என்பதோடு நிறுத்திக்கொண்டான். கடைசியில் துரை பேனாவை எடுத்துக்கொண்டு, இந்த வேலை உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார்.

வேண்டும் என்று உள்ளே எல்லாம் கத்தியது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாகப் பழகிய வாய் அதுபாட்டுக்குத் திறந்து, எனக்கு அப்படி அவசரம் ஒன்றும் இல்லை, எல்லாம் உங்கள் சித்தம் என்று சொல்லிவிட்டது. துரை காகிதத்தில் ஒரு கோடு கிழித்தார். வந்ததற்கு நன்றி என்றார். குற்றாலலிங்கம் அங்கேயே நின்றான். இன்னும் ஏதாவது உண்டா என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

வெளியே வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. எப்படியும் மறுபடி கூப்பிடுவார் என்று தாழ்வாரத்தில் நின்றான். கூப்பிட்டார், வேறு ஒருவனை. அந்தப் பையன் உள்ளே போன பிறகுதான் குற்றாலலிங்கத்துக்குக் குலை நடுங்கியது. அந்த மனுஷர் மறுபடி கேட்கவே போவதில்லை. இவன் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். நிஜமாகவே உட்கார இஷ்டமில்லை, சோடா வேண்டாம், வேலையும் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டுவிட்டார். ஆவணியும் வாழைத்தோட்டமும் கண் முன்னால் வந்து நின்றன. தன் வாயைத் தானே அறையலாம் போல இருந்தது அவனுக்கு.

அப்போதுதான் மூன்றடைப்புப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். மூட்டையோடு வெயிலில் நின்றவருக்கு நடக்கிற ஆசையா? அந்த மனுஷர் இரண்டாம் தரம் கேட்பதற்காக அல்லவா காத்துக்கொண்டு நின்றார்! அந்த அம்மாள் கையை நீட்டிச் சண்டை பிடித்ததும் அதற்காகத்தான். இரண்டு மாசமாகப் பஸ் காலியாக ஓடுகிற காரணம் குற்றாலலிங்கத்துக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. உடம்பெல்லாம் புல்லரித்தது. உள்ளே போனவன் வெளியே வருகிற வரைக்கும் நிற்கப் பொறுமை இல்லாமல் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கதவு திறந்ததுதான் தாமதம், வாசலில் தடுத்த சேவகன் கையை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே போனான்.

"சார், எனக்கு அந்தச் சோடா வேண்டும்."

டன்பார் துரை வாயைப் பிளந்தார். குற்றாலலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தான். சோடா வந்தது. ஒரே மூச்சில் குடித்து முடித்தான். அதன் பிறகு, சற்று முன்பு நான் சொன்ன பதில் அத்தனையும் தப்பு, தயவுசெய்து எல்லாவற்றையும் திரும்பக் கேளுங்கள் என்றான்.

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று முதலிலிருந்து கேட்டார். இந்தத் தரம் குற்றாலலிங்கம் பேசினான் பாருங்கள், அணை உடைந்த மாதிரி. பேச வருமா என்றால், இதோ வருகிறதே என்றான். பஸ்ஸில் போனதைச் சொன்னபோது துரை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மூன்றடைப்புப் பெரியவரைச் சொன்னான். விருந்து இலையில் கையை மறிப்பதைச் சொன்னான். உங்கள் டிரைவர் ஒரே தரம் கேட்கிறார், எங்கள் ஊரில் ஒரே தரம் கேட்டால் அது கேட்டதாகவே சேர்த்தி இல்லை, உங்கள் பஸ்ஸை இதுவரை யாரும் மறுக்கவில்லை, யாரையும் யாரும் ஒழுங்காக அழைக்கவும் இல்லை என்றான்.

துரை யோசித்தார். ஆனால் காரியக்காரர் அல்லவா? ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று மூன்று மூன்று தரம் உபசாரம் செய்துகொண்டிருந்தால் வண்டி என்றைக்குக் களக்காடு போய்ச் சேர்வது என்று மடக்கினார். நியாயமான கேள்வி. குற்றாலலிங்கம் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறந்ததும் பதில் தானாகவே வந்து விழுந்தது.

"அதற்குத்தான் சார் நான். வண்டி வருவதற்கு முந்தின நாளே ஊருக்குள் போய், வீட்டுக்கு வீடு இரண்டு தரம் கேட்டுவிடுவேன். உங்கள் டிரைவர் வந்து கேட்பது மூன்றாம் தரம்."

துரை மேஜையில் ஓங்கித் தட்டினார். தட்டிய தட்டில் காலிப் பாட்டிலுக்குள் கோலி குதித்தது. எப்போது வேலையில் சேர்வீர்கள் என்றார். உங்கள் சித்தம் என்று தொடங்கப் போன நாக்கைக் கடித்துக்கொண்டு, நாளைக்கே என்றான் குற்றாலலிங்கம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுன் வரைக்கும் அவன் நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினான். எதிரில் வந்தவரிடம் எல்லாம் சொன்னான். முன்பின் தெரியாத ஒரு சுண்ணாம்பு வண்டிக்காரரிடம்கூடச் சொன்னான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பெரியப்பா ஆவுடைநாயகம் பிள்ளை வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாம்பாளத்தில் வேட்டியும் வெற்றிலையும் பழமும். சுவீகாரத்துக்கு நாள் குறித்தாயிற்று. குற்றாலலிங்கத்தின் ஓட்டம் வாசலோடு நின்றது. வேலை கிடைத்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னான். பெரியப்பாவுக்கு ஏகப் பெருமை. துரையே நம்ம பிள்ளையைக் கூப்பிட்டானா, சபாஷ் என்று தட்டிக்கொடுத்தார். அதோடு, மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லி அதை விட்டுவிட்டு வந்துவிடு, பஞ்சாங்கக்காரர் குறித்த நாள் நெருங்குகிறது என்றும் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். அம்மா உள்ளே இலை போடப் போனாள். எல்லாருக்கும் காரியம் முடிந்துவிட்டது.

குற்றாலலிங்கம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தான். நான்காம் தரம் வேண்டாம் என்றால் நான்காம் தரமும் மகிழ்வார்கள். துரையிடம் போய்ச் சோடா கேட்பது எளிது, அவர் ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரர். இங்கே தன்னைத் தூக்கி வளர்த்தவர்கள் முன்னால், யாரும் கேட்காமல், ஒரு தரம்கூட உபசாரம் இல்லாமல், தன் ஆசையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அப்படி யாரும் சொன்னது கிடையாது. காது மடல் சுட்டது. இருந்தாலும் சொன்னான்.

"பெரியப்பா, எனக்கு இந்த வேல வேணும்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. நமச்சிவாயம் பிள்ளை மகனைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். ஆவுடைநாயகம் பிள்ளை வெற்றிலையை மடித்த கையோடு அப்படியே இருந்தார்.

"வேணும்னா சொன்ன?"

"ஆமா பெரியப்பா. வேணும்."

"அப்பம் களக்காடு வேண்டாம்னு மூணு தரம் சொன்னியேலே, அது?"

"அதுவும் நெசந்தான் பெரியப்பா."

பெரியப்பா மடித்த வெற்றிலையைத் திரும்பத் தாம்பாளத்தில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "நீ கூச்சப்படுதன்னுல்லா நெனச்சேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் குற்றாலலிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தான். சொன்னதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கதவுக்குப் பின்னால் அம்மா மூக்கை உறிஞ்சினாள். அப்பா தாம்பாளத்தை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவர் சொன்னதை மற்றவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

சாப்பாடெல்லாம் ஆன பிறகு, பெரியப்பா வண்டிக்காரனைக் கூப்பிட்டு விடியற்காலையில் மாட்டைப் பூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். குற்றாலலிங்கம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனான். அவர் மறுப்பார் என்று அவனுக்குத் தெரியும். இன்னும் இரண்டு தரம் எப்படிக் கேட்பது என்று அதற்கும் வார்த்தை தயார் பண்ணி வைத்திருந்தான்.

"பெரியப்பா, நாளைக்கு பஸ் உங்க ஊருக்குத்தான் போவுது. நானும் அதுலதான் போறேன். எங்கூட வாரியளா?"

"வாரேம்லே" என்றார் ஆவுடைநாயகம் பிள்ளை.

இரண்டாம் தரம் கேட்பதற்காகத் திறந்த வாயைக் குற்றாலலிங்கம் மூடவே இல்லை.